மாலைப் பெரட்டு

எங்கள் கட்டுமான இடத்தில் காலை ஆறே முக்காலுக்குப் பெரட்டு நடக்கும். வீடு கட்டுகிற இடங்களில் அந்தச் சொல் புழங்குவதில்லை. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்குப் பெயர்தான் பெரட்டு. சிரம்பானுக்குப் பக்கத்தில் செண்டாயான் ஊரை ஒட்டி நாங்கள் வீடுகள் கட்டிக்கொண்டிருந்த நிலம், எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் இரண்டாம் டிவிஷனாக இருந்தது. அந்தத் தோட்டத்தில் மண்டோராக நின்று ஆட்களை வேலை வாங்கியவரே இங்கேயும் மண்டோர். அந்தத் தோட்ட அலுவலகத்தில் பதினொரு ஆண்டுகள் செக்ரோல், அதாவது தினசரி வேலைப் பதிவேடு, எழுதிய நான் இங்கே கணக்கெழுதும் சைட் கிராணி. தோட்டம் கைமாறியபோது இருவரும் ஒரே மாதத்தில் கட்டுமானத்துக்கு வந்தோம். நான் பேரேட்டை விட்டுவிட்டுக் கணினிக்கு மாறினேன். அவர் பெரட்டை மட்டும் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

நான் ஒவ்வொரு நாளும் நாட்குறிப்பு எழுதுகிறவள். முதலில் நேரம், பிறகு வானிலை, பிறகு யார் என்ன சொன்னார்கள். என் கருத்து கடைசி வரியில்தான் வரும். பல நாட்களில் அது வராமலும் போகும். இங்கே எழுதுவதெல்லாம் அந்தக் குறிப்பேடுகளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவதுதான்.

அந்தத் திங்கட்கிழமை காலை லேசான தூறல். கன்டெய்னர் அலுவலகத்துக்குள் மேலாளர் எங்கள் இருவரையும் அழைத்து உட்கார வைத்தார். சிரம்பானில் பிறந்து வளர்ந்தவர், நாற்பது வயது, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"மண்டோர், நேரா சொல்றேன். இனிமே வீட்டு வேலை ஒவ்வொன்னும் இந்த ஆப்ல பதிவாகணும். எட்டு வாரம் டைம். எட்டு வாரத்துல நம்ம சைட்ல இது ஓடலன்னா, செகண்ட் ஃபேஸுக்கு கே.எல். ஹெட் ஆபீஸ்லேர்ந்து வேற சூப்பர்வைசர் வருவாரு."

"அப்ப நானு?"

"நீலாய் ஸ்டோர்ல ஆள் கேக்குறாங்க."

மண்டோர் சிரித்தார். "சிமெண்டு மூட்டைக்குக் காவலா? அதுக்கு ஒரு நாய் போதும்லா பாஸ்."

மேலாளர் சிரிக்கவில்லை. மண்டோருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அறுபது வரை வேலை உண்டு. அந்த இரண்டு ஆண்டுகளை அவர் முப்பத்தொரு ஆட்களோடு கழிப்பதா, ஒரு சாவிக்கொத்தோடு கழிப்பதா என்பது அந்தச் சின்னக் கைப்பேசிச் செயலியைப் பொறுத்தது என்று மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது. அதை ஓட வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கு அதில் பயமில்லை. கைக்கணக்கிலிருந்து கணினிக்கு மாறியபோது தோட்ட அலுவலகத்தில் முதலில் பழகியவள் நான்தான்.

செயலி செய்த வேலை எளிதானது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டியல் உண்டு. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் பலகை அடைத்தாயிற்றா, கம்பி கட்டியாயிற்றா, குழாய் போட்டாயிற்றா, உள்ளே குப்பை கூட்டியாயிற்றா என்று நான்கு கட்டங்கள். அந்தந்தக் குழுவின் தலைவர் தம் கட்டத்தைத் தொட வேண்டும். நான்கிலும் குறி விழுந்தபின் மண்டோர் கடைசிக் கட்டத்தைத் தொட்டால் வீடு முழுவதும் பச்சையாகும். அந்தப் பச்சையைப் பார்த்துத் தலைமை அலுவலகம் கான்கிரீட் லாரிக்குச் சொல்லும். அவ்வளவுதான்.

பயிற்சி கொடுக்க வந்த பெண் நல்லவர், பொறுமைசாலி. கன்டெய்னருக்குள் இரண்டு மணி நேரம் திரையில் படம் காட்டினார். ஏர்கான் காற்று பட்டதும் கம்பி கட்டும் குழுவின் தலைவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். தெமியாங் என்ற ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர் அவர். விழித்திருக்கும் நேரமெல்லாம் யாரையாவது கிண்டல் செய்துகொண்டிருப்பார். பலகை அடைக்கும் குழுவின் தலைவர் இந்தோனேசியர், வயதில் பெரியவர் என்பதால் எல்லோருக்கும் பாக். அவர் மட்டும் கவனமாகக் கேட்டுவிட்டு, கடைசியில் மலாயில் ஒரு கேள்வி கேட்டார்: மழையில் போன் நனைந்தால் யார் போன்? பயிற்சியாளர் அதைக் குறித்துக்கொண்டார். மறுநாள் நான் பாசாரில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைகள் வாங்கி வந்தேன். என் முதல் பங்களிப்பு அது.

இரண்டாவது தடை விரல். போனைத் திறக்க விரல்ரேகை வைக்கச் சொன்னது. மண்டோர் வலது கட்டைவிரலை வைத்தார், இடது கட்டைவிரலை வைத்தார், பத்து விரலையும் வைத்துப் பார்த்தார். ஏற்கவில்லை. சிமெண்டு அவர் விரல்களைத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தது.

"என் கைக்கு ரேகையே இல்லங்குது கிராணி. இனி ஜோசியக்காரன்கிட்ட போயி என்னாத்த நீட்டுறது?"

"நல்லதுதான மண்டோரே," என்றார் கம்பிக்காரர். "பேங்க் கொள்ளைக்குப் போலாம். போலீசு தலைகீழா நின்னாலும் புடிக்க முடியாது."

விரலை எடுத்துவிட்டு எண் பூட்டு வைத்தேன். அதோடு தடைகள் தீர்ந்தன என்று எழுதியிருக்கிறேன். தீரவில்லை. ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் ஆட்கள் கொங்சிக்கு, அதாவது தகரக் குடியிருப்புக்கு, ஓடினார்கள். அங்கே குளிக்க ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி. முதலில் போகிறவனுக்குத் தெளிந்த தண்ணீர். கடைசியில் போகிறவனுக்கு அடிமண்டி. அந்த நேரத்தில் எவன் நின்று போனைத் தொடுவான்? முதல் இரண்டு வாரமும் மண்டோர் என் மேசைக்கு வந்து வாயால் சொன்னார், நான் என் போனில் தொட்டேன். எல்லா அனுமதிகளும் என் போனில் இருந்தன. மாலை ஆறு வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் சரியாகப் பதிந்தேன்.

இரண்டாம் வார முடிவில் மேலாளர் திரையைத் திருப்பிக் காட்டினார். "அக்கா, நூத்திச் சொச்சம் பதிவு. அத்தனையும் ஒரே போன். சாஃப்ட்வேர உங்க ஒருத்தருக்காகவா வாங்குனாங்க?"

அது நியாயமான கேள்வி. அன்று பாரோயில் என் வீடு வரை கார் ஓட்டிக்கொண்டு போகும்போது யோசித்தேன். இந்த முப்பத்தொரு பேரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், கை கால் சுத்தமாக, அவசரமில்லாமல் நிற்பது எப்போது? காலைப் பெரட்டில். விடை கையிலேயே இருந்தது.

மூன்றாம் வாரத் திங்கட்கிழமை பெரட்டில் நானே போய் முன்னால் நின்றேன். மண்டோரிடம் நான் சொன்ன வாக்கியத்தை அன்றைய பக்கத்தில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "ஒன்னும் புதுசு இல்லண்ணே. நம்ம செக்ரோல் மாதிரிதான். பெரட்டுல பேர் போடுவோம்ல, அதே மாதிரி இங்கயே தொட்டுட்டுப் போயிடுங்க."

அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அட, செக்ரோலா இது? அத மொதல்லயே சொல்லிருந்தா ரெண்டு வாரம் மிச்சமாயிருக்குமே!"

ஐந்தே நாட்களில் குழுத் தலைவர்கள் எல்லோரும் பழகிவிட்டார்கள். பெரட்டு முடிகிற ஏழு மணி ஐந்து நிமிடத்துக்குள் கட்டங்கள் வரிசையாக விழுந்தன. பாக் தம் போனை உறையிலிருந்து எடுக்காமலே தொடக் கற்றுக்கொண்டார். கம்பிக்காரர் பக்கத்துக் குழுவைப் பார்த்து, "என்னா, உங்க கட்டம் இன்னும் வெள்ளையா இருக்கு? சோப்பு போட்டுக் குளிச்சியா?" என்று கேலி பண்ணினார். தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுச் செய்தி வந்தது. நாட்குறிப்பில் நான் வழக்கமாக எழுதாத ஒரு சொல்லை எழுதினேன்: வெற்றி.

பதிவு நேரங்களையும் நான் தினமும் பார்த்தேன். ஏழு, ஏழு இரண்டு, ஏழு ஐந்து. எவ்வளவு ஒழுங்கு என்று மகிழ்ந்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அதுவரை தலைமை அலுவலகம் லாரிக்குச் சொல்வதற்கு முன் ஒரு தடவை மேலாளரைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பச்சைகள் அவ்வளவு ஒழுங்காக விழுந்ததால் நான்காம் வாரத்திலிருந்து கேட்பதை நிறுத்தியது. திரையைப் பார்த்தது, லாரி அனுப்பியது.

அந்த வியாழக்கிழமை காலை 10.20, வெயில். மூன்று கான்கிரீட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வாசலில் வந்து நின்றன. சி வரிசையில் ஆறு வீடுகளின் தரை பீமுக்கான கான்கிரீட். திரையில் ஆறும் பச்சை. நான் வெளியே வந்து பார்த்தேன். இரண்டு வீடுகளில் கம்பி கட்டி முடிந்திருந்தது. மூன்றாவதில் பாதி. மற்ற மூன்றில் வெறும் பலகை, உள்ளே மரத்தூளும் நேற்றைய மழைத் தண்ணீரும்.

முதல் லாரி ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினார். "எங்க ஊத்தணும்? சொல்லுங்க, வெயில்ல கெடக்குது, கெட்டியாயிரும்."

மண்டோர் ஓடி வந்தார். "யாரு வரச் சொன்னது? சி வரிசை சாயந்திரம்தான் முடியும்!"

"உங்க ஆப்புதான் சொல்லிச்சாம்."

"ஆப்பு வச்சவன் யாருன்னுதான் கேக்குறேன்!" என்று பின்னாலிருந்து கம்பிக்காரர் சத்தம் போட்டார். யாரும் சிரிக்கவில்லை. அவருடைய ஆட்கள் மூன்றாவது வீட்டில் குனிந்தபடி வேகவேகமாகக் கட்டுக்கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

தயாராயிருந்த இரண்டு வீடுகளில் ஒரு லாரி ஊற்றினோம். மீதி இரண்டும் திரும்பிப் போயின. போகிற வழியில் ஒன்று இறுகத் தொடங்கியதால் எங்கள் மண் சாலையிலேயே கொட்டிவிட்டுப் போனது. அந்தச் சாம்பல் நிற மேடு அடுத்த நான்கு வாரமும் அங்கேயே கிடந்தது. வருகிறவர்களெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மேலாளர் மண்டோரைக் கன்டெய்னரில் தம் அறைக்குள் கூப்பிட்டார். கதவு சரியாகச் சாத்தவில்லை. வெளியறையில் என் மேசை வரை எல்லாம் கேட்டது.

"கம்பி கட்டாத வீட்டுக்கு எப்படி மண்டோர் பச்சை குடுத்தீங்க?"

"காலையில வேலை குடுத்தேன், தொட்டேன்."

"முடிஞ்சாதான தொடணும்!"

"பாஸ், நான் காலையில குடுத்த வேலை சாயந்திரத்துக்குள்ள முடியாம போன நாளு ஒன்னு சொல்லுங்க. ஒன்னே ஒன்னு." குரல் உயரவில்லை. உண்மையாகவே கேட்டார். "மழைன்னா மழைன்னு சொல்லிருப்பேன். இல்லன்னா முடியும். முடிஞ்சிருக்கு. பத்து மணிக்கே லாரி வந்தா நான் என்னா பண்றது?"

 அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குக் கிடைத்துவிட்டது. மேசையிழுப்பறையைத் திறந்து நாட்குறிப்பை எடுத்து மூன்றாம் வாரத் திங்கட்கிழமைப் பக்கத்தைப் படித்தேன். நம்ம செக்ரோல் மாதிரிதான்.

செக்ரோல் காலையில் எழுதப்படுவது. தோட்டத்தில் பெரட்டில் மண்டோர் வேலையைக் கொடுத்ததும் நான் பேருக்கு நேரே குறி போட்டுவிடுவேன். வேலை கொடுத்தாயிற்று என்றால் நடந்தாயிற்று என்றுதான் பொருள். இடையில் மழை வந்து நின்றுபோனால்தான் சிவப்பு மையில் திருத்துவேன். பதினொரு ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன். மண்டோர் பொய் பதியவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத் துல்லியமாகச் செய்தார். அவர் கீழிருந்த குழுத் தலைவர்களும் அவரைப் பார்த்து அப்படியே செய்தார்கள். ஏழு மணி ஐந்து நிமிடத்தில் எந்த வீட்டில் எந்தக் கம்பி கட்டி முடிந்திருக்கும்? தினமும் அந்த நேரங்களைப் பார்த்து மகிழ்ந்தவள் நான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் மேலாளர் அறிக்கை எழுத உட்கார்ந்தார். காரணம் என்ற இடத்தில் 'மேற்பார்வையாளரின் தவறான பதிவு' என்று தட்டியிருந்தார். அது போனால் எட்டு வாரம் வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. மண்டோர் அடுத்த திங்கட்கிழமை நீலாயில் இருப்பார். நான் நாட்குறிப்பை விரித்து அவருடைய விசைப்பலகையின் மேல் வைத்தேன்.

"என்னாக்கா இது?"

"படிங்க. தப்பு பயிற்சியில. பயிற்சி குடுத்தது நான்."

படித்தார். செக்ரோல் என்றால் என்னவென்று கேட்டார். சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க பேர எழுதினா உங்களுக்கும் நல்லதில்லலா."

"நடந்ததை எழுதுங்க. கீழ நான் கையெழுத்துப் போடுறேன்."

பெருந்தன்மையால் சொன்னதல்ல அது. பதிவேட்டில் ஒருவர் வேலையை இன்னொருவர் பேரில் ஏற்றக்கூடாது. அது என் தொழிலில் முதல் விதி. மேலாளர் வரியை மாற்றினார். நான்கு நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கோப்பில் வைத்தேன். மண்டோருக்குக் கடிதம் வரவில்லை. ஆனால் மேலாளர் மூலம் ஒரு சொல் வந்தது. இன்னொரு பொய்ப் பச்சை விழுந்தால் அந்த நாளே கடைசி.

லாரி திரும்பிய அன்றே, அறிக்கை போனதும், மண்டோர் என் மேசை முன் வந்து நின்றார். "எதுக்குக் கிராணி உன் பேர குடுத்த?"

"என் தப்புண்ணே."

"தப்புதான்," என்றார் உடனே. நான் எதிர்பார்க்கவில்லை. "செக்ரோலுன்னு சொன்ன. நானும் செக்ரோலுன்னு நெனச்சேன். ஆனா செக்ரோலப் பாத்து எவனும் லாரி அனுப்பல, இல்லியா? லாரி எதப் பாத்து வரும்?"

எனக்குப் பிடிபட ஒரு கணம் ஆனது. தோட்டத்தில் லாரி மேடையைப் பார்த்து வரும். செம்பனைக் குலைகளை வெட்டிச் சாலையோரத்து மேடையில் அடுக்குவார்கள். வெட்டியவர் தம் எண்ணைக் குலைக்காம்பில் எழுதி வைப்பார். மண்டோர் மேடை மேடையாக நடந்து, கண்ணால் பார்த்து, காயாக இருப்பதை ஒதுக்கி, மற்றதை எண்ணிக் குறிப்பார். அதற்குப் பிறகுதான் பழம் ஏற்ற லாரி. மேடையில் இல்லாத குலையை எந்த மண்டோரும் எழுத மாட்டார்.

"இது மேடைக் கணக்கு," என்றார் அவர். "காலையில நின்ன எடத்துல போடக்கூடாது. சாயந்திரம் நடந்து போயி, பாத்துட்டுப் போடணும். இப்படிச் சொல்லிருந்தா நான் தப்பு பண்ணிருப்பனா?"

"பண்ணிருக்க மாட்டீங்க."

"சரி. நாளைக்கு மாத்தி சொல்லு. நீ சொல்லாத, நானே சொல்றேன்."

அன்று மாலையே பயிற்சியாளரைப் போனில் பிடித்து இரண்டு மாற்றங்கள் கேட்டேன். ஒன்று, படம் எடுக்காமல் எந்தக் கட்டமும் விழக்கூடாது. இரண்டு, என் போனில் இருந்த அனுமதிகளை எடுத்துவிட வேண்டும். இரண்டாவதற்கு அவர் காரணம் கேட்டார். பதிவு செய்பவரும் பார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்றேன்.

ஐந்தாம் வாரத்திலிருந்து பெரட்டு இரண்டாயிற்று. காலைப் பெரட்டில் யாரும் போனைத் தொடுவதில்லை. வேலை மட்டும் பிரிக்கப்படும். மாலை நாலே காலுக்கு மண்டோர் வீடு வீடாக நடக்கத் தொடங்குவார். அந்தந்த வீட்டு ஆட்கள் தங்கள் வேலைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பார்த்து, படம் எடுத்து, கட்டம் விழுந்தால் அந்தக் குழு அப்போதே போகலாம். விழாவிட்டால் நின்று முடிக்க வேண்டும். அந்த விதியை மண்டோர் போட்டபோது எனக்கு அதன் பலம் தெரியவில்லை. முதல் நாளே தெரிந்தது. முதலில் பச்சை வாங்கிய குழு முதலில் தொட்டிக்குப் போனது, தெளிந்த தண்ணீரில் குளித்தது. நாலரைக்குள் மண்டோரைத் தங்கள் வீட்டுப் பக்கம் இழுப்பதற்குப் போட்டி வந்துவிட்டது.

"மண்டோரே, இங்க மொதல்ல வாங்க, எங்கது ரெடி!"

"ரெடியா? இந்தக் கம்பி பலகையைத் தொட்டுக்கிட்டு நிக்குது. நடுவுல வைக்கிற கவர் கட்டை எங்க?"

"அது... அந்தாண்ட இருக்கு."

"அந்தாண்ட இருந்தா உன் வீட்டுக்கா கான்கிரீட் ஊத்துறோம்? போடு, போட்டுட்டுக் கூப்புடு. பாக், சூடா?"

"சூடா, சூடா," என்று பாக் தலையாட்டுவார். அவர் சூடா, முடிந்தது என்று சொன்னால் முடிந்திருக்கும். படம் எடுக்கத் தொடங்கிய பிறகு அவர் ஆட்கள் பலகைக்குள் மரத்தூளைக் கையால் அள்ளிவிட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கம்பிக்காரர் அதைப் பார்த்து, "என்னா பாக், கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வராங்களா?" என்றார். பாக்குக்குத் தமிழ் புரியாது; ஆனால் பதிலுக்கு மலாயில் ஏதோ சொல்லி, துணியைக் கம்பிக்காரர் தோளில் போட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அது நல்ல பதில் என்று தெரிந்தது.

பச்சைகள் குறைந்தன. ஒரு நாளைக்கு ஆறு விழுந்த இடத்தில் மூன்று, நான்கு. தலைமை அலுவலகம் கவலைப்பட்டு மேலாளரிடம் கேட்டது. மேலாளர் என்னிடம் கேட்டார். முன்பு விழுந்த ஆறில் நான்கு இல்லாதவை, இப்போது விழும் நான்கும் இருப்பவை என்றேன். அதை அப்படியே எழுதி அனுப்பினார்.

கடைசி வாரம். எட்டாம் வாரப் புதன்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து பொறியாளர் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. அவர் கண்முன்னே கான்கிரீட் ஊற்றிக் காட்ட வேண்டும் என்று மேலாளர் விரும்பினார். எஃப் வரிசையில் இரண்டு வீடுகள். முந்தைய மாலை நல்ல மழை. மண்டோர் நடந்தபோது ஒரு வீடுதான் பச்சையானது. மற்றதில் ஒரு மூலையில் கம்பி கட்டி முடியவில்லை, குழியில் தண்ணீர் நின்றது. காலை எட்டேகாலுக்கு மேலாளர் எஃப் வரிசைக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன், புதிய குழாய் வந்ததைச் சரிபார்க்க.

"மண்டோர், அந்த இன்னொரு வீட்டையும் போட்டு விடுங்க. லாரி வர்றதுக்குள்ள எப்படியும் முடிஞ்சிரும்."

"முடிஞ்சா போடுறேன் பாஸ்."

"இப்ப போட்டாதான் ரெண்டு வீட்டுக்கும் லோடு அனுப்புவாங்க."

"தெரியும்."

"இஞ்சினியர் வராரு. இன்னிக்குத்தான் அவர் முடிவு எழுதப் போறாரு. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

மண்டோர் பலகைக்குள் எட்டிப் பார்த்தார். கம்பிக்காரரின் ஆட்கள் தகர டப்பாவால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். "குல மேடையில இல்ல பாஸ்," என்றார்.

மேலாளருக்கு அந்தப் பேச்சு அதற்குள் பழகிவிட்டிருந்தது. என் பக்கம் திரும்பினார். "அக்கா, உங்க போன்ல முடியுமே."

"முடியாதுங்க. அந்த அனுமதிய எடுத்துட்டேன்."

"எப்ப?"

"லாரி திரும்பிப் போன அன்னிக்கு."

அவர் என்னைப் பார்த்தார், மண்டோரைப் பார்த்தார். சாலையில் அந்தச் சாம்பல் மேடு அவர் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரியும். பிறகு போனை எடுத்து, அந்த வீட்டுக்கான லோடை மதியத்துக்கு மாற்றச் சொன்னார். பேசி முடித்துவிட்டு, "ரெண்டு பேரும் தோட்டத்துலயே இருந்திருக்கலாம்," என்றார்.

"அங்கயும் இப்படித்தான் பாஸ்," என்றார் மண்டோர். "தொரைகிட்ட இதே திட்டு வாங்கிருக்கேன்."

பத்தேகாலுக்குப் பொறியாளர் வந்தார். ஒரு வீட்டுக்கு ஊற்றுவதைப் பார்த்தார். திரையில் பக்கத்து வீடு வெள்ளையாக இருப்பதைப் பார்த்து அங்கே போனார். மண்டோரிடம் மலாயில், ஏன் இது பச்சை ஆகவில்லை என்று கேட்டார். "பெலும்," என்று மண்டோர் ஒரே சொல்லில் இன்னும் இல்லை என்றார். போனை நீட்டி முந்தைய மாலை எடுத்த படத்தைக் காட்டினார். கட்டாத மூலை, தேங்கிய தண்ணீர், கீழே நேரம். பொறியாளர் அந்தப் படத்தையும் எதிரிலிருந்த குழியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பழைய வீடுகளின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கத் தொடங்கினார். மண்டோர் பக்கத்தில் நின்று எது எந்த வீடு என்று சொல்லிக்கொண்டே வந்தார். கால் மணி நேரம் ஆயிற்று. நான் குழாய்களை இரண்டாவது முறை எண்ணினேன்; முதல் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

ஒன்றே முக்காலுக்கு அந்த வீடு பச்சையானது. இரண்டு மணிக்கு லாரி வந்தது. பொறியாளர் சாப்பிடப் போகாமல் அதற்கும் நின்றார்.

பத்து நாள் கழித்து இரண்டாம் கட்ட வீடுகளுக்கான பணியாளர் அட்டவணை வந்தது. மேலாளர் அதைக் கன்டெய்னர் சுவரில் தாமே ஒட்டினார். மேற்பார்வையாளர் என்ற கட்டத்தில் மண்டோரின் பெயர் இருந்தது. அவர் உள்ளே வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் படித்தார். "இனிஷியல் சரியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வெளியே கம்பிக்காரரின் குரல் கேட்டது: "என்னா மண்டோரே, அப்ப நீலாய்க்கு நாயத்தான் அனுப்பணுமா?"

பொறியாளரின் குறிப்பில் ஒரு வரியை மேலாளர் எனக்கு வாசித்துக் காட்டினார்: மற்ற இடங்களிலும் மாலையில் நடந்து சென்று பதிவு செய்யும் முறையைப் பின்பற்ற வேண்டும். அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று கேட்டிருந்தார்களாம். மேலாளர் 'மாலைப் பெரட்டு' என்றே எழுதி அனுப்பினார். கோலாலம்பூரில் அதை எப்படி உச்சரிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

இரண்டாம் கட்டத்தின் முதல் மாலை. வானம் மேகமூட்டம், மழையில்லை. மண்டோர் நாலே காலுக்குக் கிளம்பினார். நான் கன்டெய்னர் வாசலில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று விழுந்தது. சற்று நேரம் ஒன்றுமில்லை. தூரத்தில் யாரையோ திட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இன்னொன்று. அன்றைய குறிப்பில் கடைசி வரி இப்படி இருக்கிறது:

மாலை 4.50. ஆறு வீட்டில் நான்கு பச்சை. மற்ற இரண்டும் நாளை.